காசு விழுகிறது, கிரெடிட் ஏறவில்லை

கேள்வி:
காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் வீடியோ கேம் பெட்டி, ஜாமா வயரிங் (கேம் போர்டைப் பெட்டியோடு இணைக்கும் பொதுவான வயரிங் முறை). இடம் மாற்றி வைத்ததிலிருந்து விளையாட முடியவில்லை. டெமோ ஓடுகிறது, சத்தமும் வருகிறது. காசு சிக்காமல் உள்ளே விழுகிறது, ஆனால் கிரெடிட் 0-விலேயே நிற்கிறது. இரண்டு துவாரத்திலும் இதே கதை. ஸ்டார்ட் பட்டனுக்கும் அசையவில்லை. போர்டு போய்விட்டதா?

பதில் (வயர்பிரியன்):
பவர் சப்ளையை மாற்றிப் பாருங்கள். 5 வோல்ட் குறைந்தால் இப்படித்தான் கிறுக்குத்தனம் பண்ணும்.

பதில் (மீட்டர்மாமா):
எதையும் வாங்காதீர்கள், பொறுங்கள். டெமோ ஒழுங்காக ஓடினால் போர்டு உயிரோடுதான் இருக்கிறது. வோல்ட் குறைந்திருந்தால் பெரும்பாலும் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். சந்தேகமென்றால் மீட்டரை சப்ளையில் வைக்காமல் போர்டின் விளிம்பில் வைத்துப் பாருங்கள். 5 வோல்ட்டை ஒட்டி இருந்தால் போதும். கிரெடிட் ஏறாமல் ஸ்டார்ட் வேலை செய்யாது, அதை இப்போது விடுங்கள்.

காசுக் கதவுக்குள் சர்வீஸ் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் ஏறுகிறதா? ஏறினால் துவாரத்து மைக்ரோ சுவிட்சுகளை, அதாவது காசு தட்டினால் அழுந்தும் சின்ன சுவிட்சுகளைப் பாருங்கள். ஏறாவிட்டால் என் சந்தேகம் கிரவுண்ட் வயர் (0 வோல்ட் பொது வயர்) மேல்தான். ஜாமாவில் காயின் லைன் (காசு சுவிட்சிலிருந்து போர்டுக்குப் போகும் வயர்) 5 வோல்ட்டில் நிற்கும். காசு தட்டும்போது சுவிட்ச் அதை ஒரு கணம் கிரவுண்டோடு சேர்க்கும், போர்டு அதைத்தான் எண்ணுகிறது. கதவிலுள்ள சுவிட்சுகளுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே கிரவுண்ட் வயர்தான், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போகும். முதலிலேயே அறுந்தால் எல்லாமே ஊமை.

கதவு கீல் பக்கம் முதலில் தடவிப் பாருங்கள். திறந்து மூடித் திறந்து மூடி, உள்ளே செம்பு முறிந்திருக்கும், மேல் உறை பளபளவென்று இருக்கும். கண்ணை நம்பாமல் மீட்டரில் கன்டினியூட்டி (வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) வையுங்கள். அதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிக்சர் டியூப் பக்கம் கை போகவே வேண்டாம். அணைத்த பிறகும் அதில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
சர்வீஸ் பட்டனிலும் ஏறவில்லை. கீல் பக்கம் கறுப்பு வயரை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது! சால்டர் வைத்ததும் இடது துவாரத்தில் ஏறுகிறது, ஸ்டார்ட்டும் ஆகிறது. வலதில் மட்டும் இன்னும் இல்லை.

பதில் (மீட்டர்மாமா):
சபாஷ். வலது சுவிட்சில் வயர்கள் காமன் (பொது) முனையிலும் என்.ஓ. முனையிலும் (அழுத்தினால் மட்டும் காமனோடு சேர்வது) இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் விரலால் காசு போலத் தட்டுங்கள். கிளிக் என்று கேட்டுக் கிரெடிட் ஏறினால் சுவிட்ச் சரி, காசு போகும்போது சுவிட்சிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நாக்கின் மேல் அது படவில்லை என்று அர்த்தம். நாக்கைக் காசு போகும் வழிப்பக்கம் ஒரு மயிரிழை வளையுங்கள். அதிகம் வளைத்தால் சுவிட்ச் அழுந்தியே நிற்கும், சில போர்டுகள் காசு சிக்கிவிட்டது என்று முரண்டு பிடிக்கும்.