ஆண்ட்ரோமீடாவுக்கு 28 ஆண்டுகளில் போகலாம் என்றால், தடைதான் எது?

கேள்வி: வானோக்கி
ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டுகள் தொலைவில் உள்ளது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் தன் இப்போதைய வேகத்தில், அதாவது நொடிக்கு 17 கி.மீ. வீதம், அங்கே போவதாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 4,400 கோடி ஆண்டுகள் ஆகும்; பேரண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். ஆனால், புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் பாதி வழி வேகத்தைக் கூட்டியும் மீதி வழி குறைத்தும் செல்லும் கலத்தில் இருப்பவருக்கு, சார்பியல் கோட்பாட்டின்படி சுமார் 28 ஆண்டுகளே கழியும் என்று கணக்கில் வருகிறது. அப்படியிருக்க, ஒளியின் வேகமே தடை என்று எல்லோரும் சொல்வது ஏன்?

மறுமொழி: உந்துகணை
தங்கள் கணக்கு சரியே. ஒளிவேக வரம்பு பயணியைத் தடுப்பதில்லை. அவர் போய்ச் சேர்வதற்குள் பூமியில் 25 லட்சம் ஆண்டுகள் ஓடிவிடும், அவ்வளவுதான். உண்மையான தடை எரிபொருள். பொருளும், அதற்கு நேரெதிர் மின்னூட்டம் கொண்ட துகள்களாலான எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று அழித்து, அதில் பிறக்கும் ஆற்றல் முழுவதும் ஒளியாகப் பின்னோக்கிப் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதைவிடத் திறமான உந்துகணையை இயற்பியல் அனுமதிக்காது. அப்போதும் ஒரே ஒரு கிலோ சரக்கை அங்கே கொண்டுபோய் நிறுத்த 600 கோடி டன்னுக்கு மேல் எரிபொருள் வேண்டும், அதில் பாதி எதிர்ப்பொருள். மனிதர்கள் இதுவரை உண்டாக்கிய எதிர்ப்பொருள் அனைத்தையும் சேர்த்தாலும் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்குக்கு எட்டாது.

மறுமொழி: வானோக்கி
நன்றி ஐயா. அங்கே நிற்காமல் கடந்து சென்றுவிடுவதாக இருந்தால்?

மறுமொழி: உந்துகணை
வழி முழுவதும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பயணிக்கு 15 ஆண்டுகள் போதும். கிலோவுக்கு 5,200 டன் எரிபொருளே தேவைப்படும். வேகத்தைக் குறைப்பதற்கான எரிபொருளையும் முதலில் முடுக்கியாக வேண்டும் என்பதால்தான் நிற்பதற்கு அத்தனை பெரிய விலை. ஆனால் நிற்காதவருக்கு ஆண்ட்ரோமீடாவின் தட்டு முழுவதும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் மூன்றே வாரங்களில் கடந்துபோய்விடும். இதைச் சென்று சேர்ந்ததாகக் கொள்ளலாமா என்பது தங்கள் விருப்பம்.

மறுமொழி: கதிரியல்
எரிபொருள் கிடைத்தாலும் பயணி உயிரோடு போக வேண்டுமே. மண்டலங்களுக்கு இடையிலான வெளியில் கன மீட்டருக்கு ஏறத்தாழ ஓர் அணுவே இருக்கிறது என்றாலும், பாதி வழியில் கலம் எட்டும் வேகத்தில் அந்த ஒவ்வோர் அணுவும், ஜெனீவா அருகிலுள்ள பெரும் ஹாட்ரான் மோதுவி என்னும் துகள் முடுக்கியின் புரோட்டானைப் போல நூறு மடங்குக்கும் மேலான ஆற்றலுடன் வந்து மோதும். பெருவெடிப்பின் எச்சமாகப் பேரண்டம் எங்கும் நிறைந்துள்ள, 2.7 கெல்வின் அளவே உள்ள பின்னணிக் கதிர்வீச்சும் முன்புறத்தில் சுமார் 70 லட்சம் கெல்வின் வெப்பநிலைக்குரிய எக்ஸ் கதிராக மாறிவிடும். இவற்றைத் தாங்கும் கவசத்தின் ஒவ்வொரு கிலோவுக்கும் மேலே சொன்ன 600 கோடி டன்னைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மறுமொழி: தொலைவெளி
ஆண்ட்ரோமீடா எளிய இலக்கு. ஈர்ப்பினால் நம்மோடு பிணைந்தது, நம்மை நோக்கியே வந்துகொண்டும் இருக்கிறது. நம் பால்வழியும் ஆண்ட்ரோமீடாவும் அடங்கிய சிறு தொகுதிக்கு அப்பால் நிலைமை வேறு. அங்கே விண்வெளியே விரிவடைகிறது. அந்த விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் இப்போது அறிந்தபடியே நீடித்தால், இன்று சுமார் 1,650 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள மண்டலங்களை, இன்று இங்கிருந்து புறப்படும் ஒளியும் ஒருபோதும் எட்டாது. காணக்கூடிய பேரண்டத்தின் ஆரமோ 4,600 கோடி ஒளியாண்டுகள். ஆகவே கன அளவில் 20இல் ஒரு பங்குக்கும் குறைவான பகுதிக்கே, எந்த எரிபொருளைக் கொண்டும், கோட்பாட்டளவிலாவது வழி உண்டு.