24 நோட் ஹடூப் கிளஸ்டர்: நேம்நோட் தானாக நின்றுவிடுகிறது, ஒரு டேட்டாநோட் போனால் சரியாக நாள்கணக்கு ஆகிறது

தரவுத்தொட்டி:

வணக்கம். ஹடூப் 2.7.3 (பல மெஷின்களில் தரவைப் பிரித்து வைக்கும் மென்பொருள்). டேட்டாநோட் (தரவைச் சேமிக்கும் மெஷின்) 24, ஒவ்வொன்றிலும் 8 டிபி டிஸ்க் 12. மொத்தம் 2,304 டிபி, அதில் 78% நிரம்பிவிட்டது. ரெப்ளிகேஷன் 3, அதாவது ஒவ்வொரு பிளாக்குக்கும் (ஃபைலின் துண்டு) மூன்று நகல். ஃபைல் 9 கோடி, பிளாக் 9.5 கோடி. நேம்நோட் (எந்த ஃபைல் எங்கே என்ற பட்டியலை வைத்திருப்பது) இரண்டு (ஆக்டிவ், ஸ்டாண்ட்பை), ஹீப் (அதற்கு ஒதுக்கிய ஜாவா நினைவகம்) 48 ஜிபி, மெஷினில் ரேம் 192 ஜிபி. டேட்டாநோட் ஹீப் 4 ஜிபி. ஜர்னல்நோட் (நேம்நோட்டின் மாற்றங்களைப் பதிவது) 3, ஜூகீப்பர் (எது ஆக்டிவ் என்று முடிவு செய்ய உதவுவது) 3, இவை மூன்று டேட்டாநோட் மெஷின்களிலேயே ஓடுகின்றன.

பிரச்சினைகள்:

வாரத்துக்கு இரண்டு முறை ஆக்டிவ் நேம்நோட் தானாக நின்று ஸ்டாண்ட்பை பொறுப்பேற்கிறது. நிற்பதற்கு முன் லாகில் கடைசியாக வருவது, ஜர்னல்நோட் குவோரத்துக்காக (பெரும்பான்மையின் பதிலுக்காக) 20000 மில்லிசெகண்ட் காத்திருந்து நேரம் முடிந்தது என்ற ஃபேட்டல் வரி. ஆனால் ஜர்னல்நோட் மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன, நெட்வொர்க்கிலும் குறை தெரியவில்லை.

ஒரே ஒரு டிஸ்க் பழுதானாலும் அந்த டேட்டாநோட் முழுவதும் போய்விடுகிறது. அதன் பிறகு அண்டர்-ரெப்ளிகேட்டட் (நகல் குறைந்த பிளாக்) எண்ணிக்கை கோடியைத் தாண்டி, குறைய ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது.

ஜூகீப்பர் டைம்அவுட்டை 5 வினாடியிலிருந்து 30 ஆக்கிப் பார்த்தாயிற்று, பலன் இல்லை. ஹீப்பைக் கூட்டுவதா, ஃபைல் எண்ணிக்கையைக் குறைப்பதா? எதிலிருந்து தொடங்குவது?

ஐனோட்:

அந்த 20000 வரிக்கு நேர் மேலே பாருங்க. "டிடெக்டட் பாஸ் இன் ஜேவிஎம்"னு ஒரு வரி (ஜாவா ஓடுற சூழலான ஜேவிஎம் உறைஞ்சு நின்னதுன்னு அர்த்தம்), 20 வினாடிக்கு மேல ஒரு எண்ணோட இருந்தா, குற்றவாளி ஜர்னல்நோட் இல்லை, நேம்நோட்டோட ஜிசி (ஜாவா தன் நினைவகத்துல வேண்டாததைக் கழிக்கிறது). நடக்கிறது இதுதான்: எடிட்டை (ஃபைல் பட்டியல்ல ஒரு மாற்றம்) எழுத அனுப்பிட்டு நேம்நோட் பதிலுக்குக் காத்திருக்கு. அந்த நேரம் பார்த்து ஃபுல் ஜிசி வந்து எல்லா த்ரெட்டையும் நிறுத்திடுது. ஜர்னல்நோட்கள் சில மில்லிசெகண்டில் பதில் சொல்லியாச்சு, ஆனா வாங்க ஆள் இல்லை. 25 வினாடி கழிச்சு கண் முழிக்கிற நேம்நோட் கடிகாரத்தைப் பார்த்து "20 வினாடி தாண்டிடுச்சு, குவோரம் போச்சு"ன்னு தன்னைத்தானே நிறுத்திக்குது. ஜர்னல்நோட் லாகில் தப்பு எதுவும் இல்லாததுக்குக் காரணம் இதுவே. பிந்தைய பதிப்புகள்ல இந்த இடைநிறுத்தத்தைக் கழிச்சுக் கணக்கிடத் திருத்தம் வந்தாச்சு, 2.7.3-ல இல்லை.

ஜூகீப்பர் டைம்அவுட் ஏன் உதவலைன்னா, ஜூகீப்பரோட பேசுறது நேம்நோட் இல்லை, இசட்கேஎஃப்சிங்கிற கண்காணிப்பு நிரல். அது தனி ஜேவிஎம், நேம்நோட் தூங்கினாலும் அது விழிச்சுத்தான் இருக்கும். அது நேம்நோட்டை நலம் விசாரிக்கிற ஆர்பிசி-க்கு (நெட்வொர்க் வழி அழைப்பு) தனியா 45 வினாடி கெடு இருக்கு. உங்க நேம்நோட் அந்தக் கெடு வரைக்கும்கூடப் போகாம 20-லயே விழுந்துடுது. 30 வினாடியைப் பழையபடி 5-க்கு இறக்க வேண்டாம், 10-ல வச்சுக்குங்க. 30-ல இருந்தா மெஷின் நிஜமாவே செத்தாலும் ஸ்டாண்ட்பை எழ அரை நிமிஷம் ஆகும்.

ஹீப் கணக்கு: ஒரு ஃபைலுக்கோ பிளாக்குக்கோ சுமார் 150 பைட். 18.5 கோடி ஆப்ஜெக்ட்டுக்கு 28 ஜிபி ஆகுது. 48 போதுமேன்னு தோணும், இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. ஆர்பிசி வரிசை, பிளாக் ரிப்போர்ட் பிரிக்கும்போது வர்ற குப்பை, ஸ்டாண்ட்பை செக்பாயின்ட் எழுதுறதுன்னு எல்லாம் அந்த 28-க்கு மேலதான். 10 லட்சம் பிளாக்குக்கு 1 ஜிபிங்கிற நடைமுறைக் கணக்குப்படி உங்களுக்கு 95 ஜிபி வேணும். 192 ஜிபி மெஷின்ல 110 தாராளமா குடுக்கலாம். குறைந்தபட்சமும் அதிகபட்சமும் ஒரே எண்ணா வைங்க, ஜிசி வகை சிஎம்எஸ்னா ஜி1-க்கு மாத்துங்க. இரண்டு நேம்நோட்டுக்கும் ஒரே அளவு. ஸ்டாண்ட்பையை முதல்ல ரீஸ்டார்ட் பண்ணி, சேஃப்மோடை (எழுத விடாத தொடக்க நிலை) விட்டு வெளிய வந்ததும் ஃபெயில்ஓவர் (பொறுப்பை மாத்துறது), பிறகு மற்றது.

லினக்ஸோட டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ் வசதி அணைஞ்சிருக்கா, ஸ்வாப்பினெஸ் (ரேம்ல இருக்கிறதை டிஸ்க்குக்குத் தள்ளுற போக்கு) 1-ல இருக்கான்னும் ஒரு தடவை பாத்துடுங்க. 110 ஜிபி ஹீப்ல கொஞ்சம் ஸ்வாப்புக்குப் போனாலே ஜிசி நிமிஷக்கணக்குல நிக்கும்.

ஆனா ஹீப் வெறும் அவகாசம்தான். நகல் நீக்கி 600 டிபி தரவுக்கு 9 கோடி ஃபைல்னா சராசரி 6.7 எம்பி, பிளாக் அளவோ 128 எம்பி. எந்த டேபிள் இதைப் பண்ணுதுன்னு கண்டுபிடிங்க. அதுக்கு எச்டிஎஃப்எஸ் (ஹடூப்போட ஃபைல் அமைப்பு) மேல ரிகர்சிவ் எல்எஸ் (எல்லா டைரக்டரியையும் பட்டியலிடுறது) ஓட்டாதீங்க, ஏற்கனவே மூச்சு வாங்குற நேம்நோட்டை அதுவே கொன்னுடும். டிஎஃப்எஸ்அட்மின்ல ஃபெட்ச்இமேஜ் குடுத்து எஃப்எஸ்இமேஜை (ஃபைல் பட்டியலோட சேமித்த நகல்) வேற ஒரு மெஷினுக்கு இறக்குங்க. அங்க ஓஐவி-யை (அந்த நகலைப் படிக்கிற கருவி) டிலிமிடெட் வகையில, தற்காலிக டைரக்டரி ஒண்ணு குடுத்து ஓட்டுங்க (குடுக்கலைன்னா எல்லாத்தையும் ரேம்லயே வைக்கப் பாக்கும்). வர்ற டெக்ஸ்டை ஹைவ்ல (ஹடூப் தரவு மேல எஸ்க்யூஎல் ஓட்டுறது) ஏத்தி, பாத்தோட முதல் நாலு அடுக்கு வாரியா எண்ணிக்கையும் சராசரி அளவும் எடுங்க.

நாலாம்_ராக்:

டிஸ்க் பக்கம்.

டேட்டாநோட்டில் "ஃபெயில்டு வால்யூம்ஸ் டாலரேட்டட்" (பொறுத்துக்கொள்ளும் பழுதான டிஸ்க் எண்ணிக்கை) இயல்பாக 0. ஒரு டிஸ்க் போனாலே நோட் தன்னை மூடிக்கொள்ளும். 8 டிபி டிஸ்க்குக்காக 75 டிபி மறுநகல். 12 டிஸ்க் உள்ள மெஷினில் 2 வையுங்கள்.

மறுநகல் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நோட்டில் 9.5 கோடி × 3 ÷ 24, அதாவது சுமார் 1.2 கோடி பிளாக். நேம்நோட் 3 வினாடிக்கு ஒரு முறை மறுநகல் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு சுற்றில் கொடுப்பது உயிரோடிருக்கும் நோட் எண்ணிக்கை × 2, அதாவது 46 பிளாக். வினாடிக்கு 15. 1.2 கோடியை 15-ஆல் வகுத்தால் 9 நாள். நெட்வொர்க்கும் டிஸ்க்கும் சும்மா கிடக்கும், கட்டுப்படுத்துவது இந்த எண்தான். பிளாக் முழு 128 எம்பி-யாக இருந்தால் இதே 15 போதும், உங்கள் 6 எம்பி பிளாக்குக்குப் போதாது.

ஒர்க் மல்டிபிளையரை (மேலே சொன்ன × 2) 10, மேக்ஸ் ஸ்ட்ரீம்ஸை (ஒரு நோட் ஒரே நேரத்தில் அனுப்பும் மறுநகல்) 2-லிருந்து 10, அதன் ஹார்ட் லிமிட்டை 4-லிருந்து 20 ஆக்குங்கள். மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மல்டிபிளையரை மட்டும் கூட்டினால் ஸ்ட்ரீம் வரம்பில் முட்டி நிற்கும். ஒன்றரை, இரண்டு நாளில் முடியும். ஜாப்கள் மெதுவானால் 6-க்கு இறக்குங்கள்.

டேட்டாநோட் ஹீப் 4 ஜிபி, 1.2 கோடி பிளாக்குக்குப் பற்றாது. 12 வையுங்கள்.

டிஸ்க் மாற்றும்போது அதிகம் பேர் மாட்டுவது மவுன்ட் ஆகாத டைரக்டரியில். மெஷின் பூட் ஆகிறது, 7-வது டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை, ஆனால் அந்த டைரக்டரி ரூட் பார்ட்டிஷனில் காலியாக இருக்கிறது. டேட்டாநோட்டுக்கு வித்தியாசம் தெரியாது, அங்கேயே எழுதும். சில மணி நேரத்தில் ரூட் நிரம்பி மெஷினே தொங்கும். தீர்வு: டிஸ்க்கை அன்மவுன்ட் செய்த நிலையில், அந்த வெற்று மவுன்ட் டைரக்டரிக்கு ரூட்டாக chattr +i (எதுவும் மாற்ற முடியாதபடி பூட்டும் கட்டளை) போடுவது, தமிழில் எழுதினால் சாட்டர் பிளஸ் ஐ. மவுன்ட் ஆகாவிட்டால் யாராலும் எழுத முடியாது, டேட்டாநோட் அதைப் பழுதான வால்யூமாக எண்ணிவிட்டு மற்ற 11-ல் ஓடும். எஃப்எஸ்டேபில் (மவுன்ட் பட்டியல் ஃபைல்) டிவைஸ் பெயர் போடாமல் யூயூஐடி (தனி அடையாள எண்), கூடவே நோஃபெயில், நோஏடைம். எக்ஸ்ட்4 என்றால் ரூட்டுக்கு ஒதுக்கும் 5%-ஐ டியூன்2எஃப்எஸ்-ஆல் 0 ஆக்கலாம். உங்கள் கிளஸ்டரில் அதுவே 115 டிபி.

செத்த டிஸ்க்கைவிட மோசமானது சாகாத டிஸ்க். ஐஓஸ்டாட்டில் மற்ற 11-ம் 10 மில்லிசெகண்ட் தாமதம் காட்டும்போது ஒன்று மட்டும் 400 காட்டினால், ஸ்மார்ட்சிடிஎல்-இல் பெண்டிங் செக்டர் (படிக்க முடியாமல் நிற்கும் பகுதி) எண்ணிக்கையைப் பார்த்துக் கழற்றிவிடுங்கள். எரர் வரும்வரை ஹடூப் அதைத் தொடாது, அந்த டிஸ்க் வழியே போகும் ஒவ்வொரு ரைட் பைப்லைனும் அதன் வேகத்துக்கே நகரும்.

பைப்லைன்:

இரண்டு பேரும் விட்டது: ஜர்னல்நோட்டும் ஜூகீப்பரும் டேட்டா டிஸ்க்கில் எழுதுகின்றனவா? ஒவ்வொரு எடிட்டுக்கும் எஃப்சிங்க் (டிஸ்க்கில் எழுதியதை உறுதிசெய்வது) முடிந்த பிறகே அவை பதில் சொல்லும். அதே டிஸ்க்கில் மேப்ரெட்யூஸ் ஷஃபிளும் (ஜாப்களின் இடைத்தரவு நகர்வு) ஓடினால் எஃப்சிங்க் வினாடிக்கணக்கில் நிற்கும், ஜூகீப்பர் லாகிலேயே அது எச்சரிக்கையாக வரும். இரண்டுக்கும் தனித்தனி டிஸ்க், சிறிய எஸ்எஸ்டி போதும். ஜூகீப்பரின் ஆட்டோபர்ஜ் (பழையதைத் தானாக அழிப்பது) இயல்பில் அணைந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள். பழைய ஸ்னாப்ஷாட்கள் சேர்ந்து பார்ட்டிஷன் நிரம்பினால் ஜூகீப்பர் நிற்கும், இரண்டு நின்றால் ஃபெயில்ஓவரே கிடையாது.

நாலாம்_ராக் சொன்ன மல்டிபிளையர் 10-ஐ நேம்நோட் ஹீப்பைக் கூட்டுவதற்கு முன் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு மறுநகலும் நேம்நோட்டுக்கு ஒரு அறிவிப்பாக வரும். 48 ஜிபி-யில் தள்ளாடும் நேம்நோட்டுக்கு அது கூடுதல் சுமை.

நாலாம்_ராக்:

ஒப்புக்கொள்கிறேன். ஹீப் முதலில்.

தரவுத்தொட்டி:

எல்லோருக்கும் நன்றி. பார்த்தேன். நேம்நோட் விழுந்த நான்கு முறையும் அதற்கு முன் ஜேவிஎம் பாஸ் வரி இருக்கிறது: 23, 27, 22, 31 வினாடி. ஐனோட் சொன்னபடியே.

எஃப்எஸ்இமேஜைப் பிரித்ததில் 9 கோடியில் 6.4 கோடி ஃபைல் ஒரே டேட்டாபேஸில். ஒவ்வொரு டேபிளிலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பார்ட்டிஷன் (தரவின் ஒரு பிரிவு), ஸ்பார்க் (தரவைக் கணக்கிடும் மென்பொருள்) எழுதுவது, பார்க்கே ஃபார்மட். ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் சரியாக 200 ஃபைல், சராசரி 2 எம்பி. இதை எப்படிப் பாதுகாப்பாக ஒன்றுசேர்ப்பது?

இன்னொன்று: இடமும் குறைவாக இருப்பதால் ஹடூப் 3-க்கு மாறி எரேஷர் கோடிங் (முழு நகலுக்குப் பதில் மீட்புத் தரவு வைப்பது) போடலாம் என்று ஒரு யோசனை. 3 மடங்கு 1.5 மடங்காகும் என்கிறார்கள்.

ஐனோட்:

200-ங்கிற எண்ணைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஸ்பார்க் எஸ்க்யூஎல் ஷஃபிள் பார்ட்டிஷனோட இயல்பு எண் அது. 200 டாஸ்க், ஆளுக்கு ஒரு ஃபைல். ஒரு டேபிளுக்கு ஒரு நாளைக்கு 4,800. முதல்ல குழாயை மூடுங்க: எழுதுறதுக்கு முன்னாடி ரீபார்ட்டிஷன் பண்ணி 4 ஆக்குங்க. 400 எம்பி-க்கு 100 எம்பி-யா நாலு ஃபைல் போதும். கோயலெஸ் (ஷஃபிள் இல்லாம இணைக்கிறது) 4 போட்டா அதுக்கு மேல இருக்கிற கணக்கெல்லாம் 4 டாஸ்க்லயே ஓடி ஜாப் இழுக்கும், அதனால ரீபார்ட்டிஷன்.

பழசுக்கு: ஓஆர்சி ஃபார்மட்டா இருந்தா ஹைவ்ல கான்கேட்டினேட் ஒரு வரியில முடிஞ்சிருக்கும், பார்க்கேவுக்கு அது கிடையாது. ஒரு நாளோட 24 பார்ட்டிஷனையும் படிச்சு வேற டைரக்டரியில எழுதுங்க. படிக்கிற இடத்துலயே ஓவர்ரைட் பண்ணாதீங்க, பாதியில ஜாப் செத்தா இரண்டும் போச்சு. வரிசை எண்ணிக்கையோட, ஏதாவது ஒரு எண் நெடுவரிசையோட கூட்டுத்தொகையையும் ஒப்பிடுங்க. சரியா இருந்தா பார்ட்டிஷன் லொகேஷனைப் புது இடத்துக்கு மாத்திட்டு, பழசை ஒரு வாரம் கழிச்சு அழிங்க.

அழிக்கும்போதும் ஒரு பொறி இருக்கு. மேல் டைரக்டரியை ஒரே கட்டளையில நீக்குனா, அந்தக் கோடிக்கணக்கான ஐனோட்டை (ஃபைல் பதிவுகளை) பிரிச்சு எடுக்கிற வரைக்கும் நேம்நோட் ரைட் லாக்கைப் பிடிச்சுட்டிருக்கும், மற்ற எல்லாரும் நிப்பாங்க. நாள் வாரியா, இடையில சில நிமிஷம் விட்டு அழிங்க. டிராஷ் போட்டிருந்தா உடனே இடம் வராது. அந்த டைரக்டரி மேல ஸ்னாப்ஷாட் இருந்தா, ஸ்னாப்ஷாட்டை எடுக்கிற வரைக்கும் இடமும் வராது, ஹீப்பும் குறையாது.

நாலாம்_ராக்:

எரேஷர் கோடிங் பற்றி: ஆர்எஸ் 6-3 (அதன் ஒரு வகை) என்றால் 6 தரவு, 3 பாரிட்டி (மீட்புத் தரவு), செல் 1 எம்பி. 600 எம்பி ஃபைலுக்கு 1.5 மடங்கு சரி. உங்கள் 2 எம்பி ஃபைலில் தரவு செல் 2, பாரிட்டி 3, ஆக மொத்தம் 5 எம்பி, 5 பிளாக். 1.5 மடங்கு வர வேண்டிய இடத்தில் 2.5 மடங்கு. 1 எம்பி-க்குக் கீழே போனால் 1-க்கு 4, ரெப்ளிகேஷனைவிட அதிகம். டேட்டாநோட்டில் பிளாக் எண்ணிக்கையும் 3-லிருந்து 5 ஆகும்.

ஃபைல்களை ஒன்றுசேர்த்து முடித்த பிறகு, மாதக்கணக்கில் யாரும் தொடாத பார்ட்டிஷன்களுக்கு மட்டும் போடுங்கள். பாலிசியை டைரக்டரிக்குப் போட்டாலும் ஏற்கனவே உள்ள ஃபைல் மாறாது, டிஸ்ட்சிபி என்ற நகலெடுக்கும் கருவியால் மறுபடி எழுத வேண்டும். அப்போது செக்சம் (தரவு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) ஒப்பிடுவதில் பழைய வகை பொருந்தாது, காம்போசிட் சிஆர்சி வகையைத் தேர்ந்தெடுங்கள்.