ஆயத்த ஆராதனை முடிந்த பிறகு

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

திருநெல்வேலிப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபைக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு ஆயத்த ஆராதனையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஞாயிறு திருவிருந்துக்கு முந்தின மாலையில், அவரவர் தம்மைச் சோதித்தறிந்து மனந்திரும்பி வருவதற்கென்று நடக்கும் சிறிய ஆராதனை அது. ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சேகரத்தில் பல சபைகள் இருப்பதால் அவர் எல்லா ஊருக்கும் வர இயலாது. சபை ஊழியரும் வெளியூர் போயிருந்த ஒரு சனிக்கிழமை, கமிட்டி உறுப்பினனாயிருந்த நான் அதை நடத்தினேன். 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தை வாசித்து, அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், திருவிருந்துப் பந்தியில் சேருவதைக் குறித்து நெடுநேரம் பேசினேன். நன்றாகப் பேசியதாகவும் எண்ணிக்கொண்டேன்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தில் 800 ரூபாய் குறைந்திருந்தது. ஏலப் பொருள்களை எடுத்துக் கொடுத்தவர், மணியடித்து ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை. அவரைக் கமிட்டியின் நடுவே நிறுத்திக் கடுமையாகக் கேள்வி கேட்டேன். பிற்பாடு நோட்டைப் பார்த்தபோது, கூட்டலில் பிழை விட்டிருந்தது என் கைதான். கணக்கு நேராகிவிட்டது என்று மட்டும் கமிட்டிக்குச் சொன்னேன். யாரால் கோணிற்று என்பதைச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் போன பின், ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கோயில்பிள்ளை என்னிடம் வந்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். “ஐயா, அன்றைக்கு நீங்கள் பேசினதிலிருந்து உங்கள்மேல் கசப்பாகவே இருந்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டு நாளைக்குப் பந்திக்கு வரப் பயமாயிருக்கிறது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றார். நான் “சரி” என்றேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றும் வெட்கமாயிருக்கிறது.

அன்றிரவு மத்தேயு 5ஆம் அதிகாரம் என்னை விடவில்லை. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டுச் சகோதரனிடத்தில் ஒப்புரவாகப் போக வேண்டியவன், தன்பேரில் குறை உண்டென்று நினைவுகூருகிறவனே. அதாவது எழுந்து போக வேண்டியவன் நான், வந்தவரோ அவர். ஆயத்தத்தைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர் ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

முதல் மணி அடிக்க அவர் வரும் முன்பே விடியற்காலையில் போய் மணிக்கூண்டடியில் நின்று உண்மையைச் சொன்னேன். மணிக் கயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், “சபையிலும் சொல்லிவிடுங்கள் ஐயா, என் மகள் காதில் அந்தப் பேச்சு விழுந்திருக்கிறது” என்றார். தாழ்மையுள்ளவர் தமக்கு நேர்ந்த அநியாயத்தை மூடி மறைத்துவிடுவார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது தவறான எண்ணம். அறிவிப்பு வேளையில் எழுந்து சொன்னேன். திருவிருந்து ஆராதனையில் சொல்லும், துணிக்கைகளைப் பொறுக்கவும் பாத்திரரல்ல என்னும் ஜெபத்தைச் சிறுவயது முதல் மனப்பாடமாய்ச் சொல்லி வந்தவன், அன்றைக்கு அதன் நடுவில் வாய் திறக்க முடியாமல் நின்றேன். எப்போதும் கடைசியாக வரும் அவருக்காகக் காத்திருந்து, அவர் பக்கத்தில் முழங்காற்படியிட்டேன்.

* * *

சகோதரர் எழுதியதை வாசித்த பின், கத்தோலிக்கப் பெண்ணாகிய நானும் ஒன்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிசின் காலத்தில் முறைமை மாற்றப்பட்டதல்லவா? அதற்குப் பின் ஓராண்டு எங்கள் பங்கு ஆலயத்தில் என்னையும் அழைத்தார்கள். வயல் வேலை செய்யும் கால்கள், வெடிப்பு அதிகம். முந்தின இரவு கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஆனால் ஒன்றரை ஆண்டாகப் பேசாதிருந்த என் ஓரகத்தியை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

வயதான எங்கள் பங்குத்தந்தை ஒவ்வொருவர் முன்பும் மண்டியிட்டு, ஒவ்வொரு முறையும் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். என் முறை வந்தபோது, வேண்டாம் என்ற பேதுருவைப் போலவே காலை இழுத்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். காலை நீட்டினேன். அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தபோது, அந்தக் கை நடுங்குவது தெரிந்தது. நற்கருணை வாங்க வரிசையில் நிற்காமல் பெண்கள் பக்கம் திரும்பி, ஓரகத்தி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடினேன்.