தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு மூன்று மடங்கு காசு, பட்டன் போன்களுக்குப் போய்ச் சேரவும் இல்லை

திருக்கடலூரான்:
வணக்கம். திருகோணமலையில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர் வேலை என் தலையில். கூட்டம், மானியம், படிவம் எல்லாவற்றையும் எஸ்எம்எஸ்ஸில்தான் அறிவிக்கிறேன். இரண்டு பிரச்சினை.

ஒரு ஆளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினால் மூன்றுக்குக் காசு வெட்டுகிறது. ரீலோட் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. போன் கம்பனியைக் கேட்டால், "மூன்று அனுப்பியிருக்கிறீர்கள் சேர்" என்பதுதான் பதில்.

மற்றது, எல்லோரையும் சேர்த்துத் தெரிவு செய்து அனுப்பினால் பட்டன் போன்காரருக்கு ஒன்றுமே வருவதில்லை. டச் போன் வைத்திருப்பவர்களுக்கு டவுன்லோட் செய்யச் சொல்லி நிற்கிறது. தனித்தனியாக அனுப்பினால் போகிறது. கடைசியாக அனுப்பியது இது:

"சங்கக் கூட்டம் ஞாயிறு மாலை 4 மணிக்கு மண்டபத்தில் நடைபெறும். வலை மானியப் படிவம் தேவைப்படுவோர் தேசிய அடையாள அட்டைப் பிரதியுடன் வரவும். செயலாளர்"

நிலாவெளி வாசி:
வட்ஸ்அப் குரூப் ஒன்று திறந்தால் சோலி முடிந்தது.

திருக்கடலூரான்:
அங்கத்தவர்களில் பாதிப்பேர் பட்டன் போன் தம்பி. கடல் தண்ணீர் பட்டால் டச் போன் எத்தனை நாளைக்கு?

கோட்டையடி:
அண்ணா, காசு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் காரணத்தையும் சொல்லியிருக்கலாம்.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்டுக்குத்தான் இடம், பைட் ஒன்றுக்கு 8 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், அதனால் 160 எழுத்து பிடிக்கும். தமிழ் எழுத்து ஒன்று வந்தவுடன் முழு மெசேஜும் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாறி, எழுத்துக்கு 16 பிட் என்று ஆகிவிடும். அப்போது 70தான். அதற்கு மேல் போனால் துண்டாகும். எந்தத் துண்டு எதற்குப் பின்னால் என்று பெறுகிற போனுக்குச் சொல்ல ஒவ்வொன்றிலும் 6 பைட் போய்விடும், துண்டுக்கு 67தான் மிச்சம். போன் ஒட்டிக் காட்டுவதால் உங்களுக்கு ஒன்றாகத் தெரிகிறது, கணக்கில் துண்டு துண்டாகத்தான் ஏறும்.

இன்னொன்று, நாம் எண்ணுகிற மாதிரி போன் எண்ணாது. கொம்பு, கால், விசிறி, புள்ளி எல்லாம் தனி எழுத்து. திருகோணமலை நமக்கு ஆறு எழுத்து, போனுக்கு 10. இடைவெளியும் கணக்கில் சேரும். உங்கள் அறிவித்தலை எண்ணிப் பார்த்தேன், 141 வருகிறது. இரண்டு துண்டின் எல்லை 134. கடைசியில் இருக்கிற "செயலாளர்" என்ற சொல்லை எடுத்தால் 132, மூன்று இரண்டாகிவிடும். உங்கள் நம்பரில் இருந்து போவதால் யார் அனுப்பியது என்று அவர்களுக்கே தெரியும்தானே.

இன்னும் சுருக்கினால்:

"சங்கக் கூட்டம் ஞாயிறு மாலை 4 மணி. வலை மானியத்துக்கு அடையாள அட்டை தேவை."

முற்றுப்புள்ளியோடு சரியாக 70. ஒரே மெசேஜ்.

திருக்கடலூரான்:
"பிரதி" போய்விட்டதே. எல்லோரும் ஒரிஜினலைக் கொண்டுவந்து நிற்பார்கள்.

கோட்டையடி:
நிற்கட்டும், பக்கத்துக் கடையில் போட்டோகொப்பி எடுக்கலாம். மூன்று மெசேஜ் காசைவிட அது மலிவு.

கிண்ணியாக்காரன்:
ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் 160 வரை ஒரே காசு. எங்கள் பக்கம் டியூட்டரிக்காரர் எல்லாம் அப்படித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் கடைசியில் கும்பிடுகிற கை எமோஜி ஒன்று போட்டீர்களோ, அதுவும் 70க்கு இறங்கிவிடும். ஒரு கைக்கே இரண்டு இடம் வேறு.

ஆசிரியர் வீதி:
தமிழுக்கு ஒரு வழியும் இல்லையா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: எஸ்எம்எஸ் தரத்திலேயே தமிழுக்கு 7 பிட் எழுத்து அட்டவணை சேர்த்திருக்கிறார்கள். இந்தி, வங்காளம், உருதுவுக்கும் உண்டு. அனுப்புகிற போன், பெறுகிற போன் இரண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், நடைமுறையில் கண்டதில்லை. நம்பி இருக்க வேண்டாம்.

கோட்டையடி:
இரண்டாவது பிரச்சினை வேறு. எல்லோரையும் ஒன்றாகத் தெரிவு செய்யும்போது உங்கள் போன் அதைக் குரூப் எம்எம்எஸ் ஆக்கி அனுப்புகிறது. எம்எம்எஸ் டேட்டா வழியாகப் போவது. பெறுகிற போனில் டேட்டா திறந்திருக்க வேண்டும், ஏபிஎன் என்கிற கம்பனியின் டேட்டா இணைப்பு செட்டிங் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டவுன்லோட் என்று தொங்கும். எம்எம்எஸ் தெரியாத பட்டன் போனில் ஒன்றுமே வராது.

மெசேஜ் ஆப்பின் செட்டிங்ஸில் குரூப் மெசேஜிங் என்று ஒரு இடம் இருக்கும். அதில் எம்எம்எஸ்ஸை விட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனி எஸ்எம்எஸ் என்பதைத் தெரிவு செய்யுங்கள். சில போன்கள் நீளமான எஸ்எம்எஸ்ஸையும் தானாக எம்எம்எஸ் ஆக்கும், அதையும் பாருங்கள்.

திருக்கடலூரான்:
மாற்றிவிட்டேன். பட்டன் போன்காரர் இரண்டு பேரிடம் கேட்டேன், வந்திருக்கிறதாம். நன்றி தம்பி. ஆனால் கடலுக்குப் போனவர்களுக்குக் கரைக்கு வந்த பிறகுதானே கிடைக்கிறது, அது ஏன்? நான் அனுப்பும்போதே "அனுப்பப்பட்டது" என்று காட்டுகிறதே.

கோட்டையடி:
"அனுப்பப்பட்டது" என்றால் கம்பனியின் எஸ்எம்எஸ் மையத்துக்குப் போனது என்றுதான் அர்த்தம். ஆளுக்குப் போனதா என்று அறிய டெலிவரி ரிப்போர்ட்டைத் திறந்து வையுங்கள். போன் சிக்னலுக்குள் வரும்வரை மையம் மெசேஜை வைத்திருக்கும், காலக்கெடு முடிந்தால் தூக்கி எறிந்துவிடும். 2ஜியில் வழக்கமான அமைப்பில் ஒரு கோபுரத்தின் எல்லை 35 கிலோமீட்டர். சிக்னல் போய்வரும் நேரக் கணக்கு அதற்கு மேல் ஒத்துவராது. அதனால் ஆழ்கடல் படகுக்கு எஸ்எம்எஸ் போகும் என்று நினைக்கவே கூடாது. கூட்ட அறிவித்தலுக்கு இது போதும், காற்று மழை எச்சரிக்கையை இதில் மட்டும் விடாதீர்கள். படகில் ரேடியோ செட் இருக்க வேண்டும். கரையில் இருப்பவர்கள் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேட்கலாம்.

திருக்கடலூரான்:
சரி. கடைசியாக ஒன்று. ஒரு ஐயாவின் போனில் மட்டும் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வருகிறது.

கிண்ணியாக்காரன்:
அந்த போனில் தமிழ் எழுத்துரு இல்லை. பழைய பட்டன் போனில் அதை ஏற்ற வழியும் கிடையாது. அவருக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் அனுப்புங்கள் அண்ணா. அதுவும் வாசிக்க மாட்டார் என்றால் மகனின் நம்பரை வாங்கிப் பட்டியலில் போடுங்கள்.