மலர்ப் பள்ளத்தாக்கில் செடியைப் பிடுங்குகிறார்களே, ஏன்?

சோலைக்குருவி:
உத்தராகண்ட் மலர்ப் பள்ளத்தாக்கில் ஆள் உயரச் செடி ஒன்றைக் கட்டுக் கட்டாகப் பிடுங்கிப் போடுகிறார்கள். தேசியப் பூங்காவில் இது சரியா? 1983இல் மேய்ச்சலைத் தடுத்ததால்தான் அது பெருகியது என்றும் சொல்கிறார்கள். ஆடுகளைத் திரும்ப விட்டால் போதாதா?

வேர்த்தண்டு:
அது பாலிகோனம் பாலிஸ்டாக்கியம். உள்ளூரில் அமேலா. வெளிநாட்டுக் களை இல்லை, இமயமலைச் செடிதான். ஆனால் ஒன்றரை மீட்டருக்கு மேல் அடர்ந்துவிட்டால், கீழே சாண் உயரத்தில் இருக்கும் பிரிமுலா, பொட்டென்டில்லா போன்ற சிறு பூச்செடிகளுக்கு வெயில் விழாது.

பிடுங்குவதில் காலம் முக்கியம். மண் ஈரமாக இருக்கும் ஜூன், ஜூலையில், பூப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். விதை பிடித்த பிறகு இழுத்தால் நாமே விதைத்ததுபோல் ஆகிவிடும். தண்டை மட்டும் இழுத்தால் அறுந்துவிடும். மண்ணுக்கடியில் படரும் வேர்த்தண்டின் துண்டு உள்ளே தங்கினால் மறுபடி துளிர்க்கும். சுற்றிலும் மண்ணை நெகிழ்த்தி, வேர்த்தண்டோடு தூக்கி, மண்ணை அங்கேயே உதறி அமுக்கிவிட வேண்டும். பிடுங்கியதை ஓடையில் போடவே கூடாது. துண்டுகள் மிதந்துபோய்க் கரையில் வேர்விடும். செங்குத்துச் சரிவில் தோண்டாமல் தரையோடு அறுப்பதே நல்லது. கிளறிய மண்ணில்தான் இது முதலில் ஏறும். ஒரு வருடத்தில் முடிகிற வேலையும் இல்லை.

அவசரத்தில் காசித்தும்பை இனமான இம்பேஷன்ஸ் சல்கேட்டாவையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவதுண்டு. கணுவைப் பாருங்கள்: அமேலாவில் பழுப்பு நிறச் சவ்வு உறைபோலச் சுற்றியிருக்கும், இலைகள் மாறி மாறி வரும். காசித்தும்பையின் தண்டில் நீர் நிறைந்திருக்கும், உறை இராது, இலை ஓரம் பல் பல்லாக இருக்கும்.

பனிமேடு:
ஆடு விஷயத்தில் கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. மேய்ச்சல் நின்றதே காரணம் என்பது ஒரு தரப்பு. ஆனால் பனிச்சரிவும் மண்சரிவும் நடந்த இடங்களிலும், எரு குவிந்த பழைய ஆட்டுக்கிடைகளிலும் இது அடர்ந்து நிற்பதை மேய்ச்சல் தடை மட்டும் விளக்காது. ஆடு அமேலாவை மட்டும் தேடித் தின்னாது. மற்ற இளங்குருத்துகளும் போகும், குளம்பு பட்டு மண்ணும் கிளறப்படும். திரும்ப விடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சோலைக்குருவி:
அப்படியானால் முழுக்க ஒழித்துவிடலாமா?

வேர்த்தண்டு:
வேண்டாம். ஓடைக்கரையிலும் பனிச்சரிவுத் தடத்திலும் அது இயல்பாக வளர்வது, தளர்ந்த மண்ணைப் பிடித்து வைக்கிறது. பூவெளிக்குள் நுழையும் விளிம்பில் மட்டும் கை வைத்தால் போதும்.