எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் ‘எடை குறைவு’ என்று வருகிறது, சரியா?

கேள்வி: கோத்தகிரி டீச்சர்
கோத்தகிரி பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளி. எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயரம், எடை எடுத்து பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) போட்டோம். 18.5-க்குக் கீழே போனால் குறைவு என்று வைத்தால் பாதி வகுப்பு அதில் வந்துவிடுகிறது. எஸ்டேட் பாடிகளிலிருந்து (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள்) வருபவர்கள்தான் அதிகம். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் 24, 25. பெற்றோர் கூட்டத்தில் இதை வைத்துப் பேசலாமா?

பதில் 1: குன்னூர் ஊட்டச்சத்து
இந்தக் கணக்கோடு பேசாதீங்க டீச்சர். 18.5 பெரியவர்களுக்கான எல்லை. 5 முதல் 19 வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணையைப் பாருங்கள். ஆண், பெண் தனித்தனி. வயதை மாதக் கணக்கில் எடுக்கணும். 13 வயது நிறைந்த பெண்ணுக்கு நடு அளவு 18.8. 14.9-க்குக் கீழே மெலிவு, 21.8-க்கு மேல் அதிக எடை, 26.2-க்கு மேல் உடல் பருமன். 145 செ.மீ., 38 கிலோ இருக்கும் பெண்ணுக்கு 18.1 வரும், அது நடு அளவுக்குப் பக்கம்தான். அதே உயரத்தில் 31 கிலோ என்றால் 14.7. உண்மையில் பார்க்க வேண்டியவள் இவள்.

அளந்த விதத்தையும் சரிபாருங்கள். நம்ம குளிருக்கு ஸ்வெட்டரும் ஷூவும் சேர்ந்து ஒரு கிலோ வந்துவிடும். 145 செ.மீ. பிள்ளைக்கு ஒரு கிலோ என்றால் பிஎம்ஐயில் கிட்டத்தட்ட 0.5, மெலிந்த பிள்ளை அதிலேயே நம் கண்ணில் படாமல் தப்பிவிடும். உயரம் எடுக்கும்போது இரட்டைப் பின்னலை உச்சியில் மடித்துக் கட்டியிருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். குதிகால் சுவரோடு ஒட்டணும். வயதுக்கேற்ற உயரத்தையும் தனியாகப் பார்க்கணும்: சின்ன வயதில் சத்துக் குறைந்து குட்டையாகிப்போன பிள்ளைக்கு பிஎம்ஐ சரியாகவே காட்டும்.

எண்ணை வகுப்பில் சத்தமாக வாசிக்காதீங்க, தயவுசெய்து.

பதில் 2: கூடலூர் களப்பணி
மெலிவோ பருமனோ, முதலில் கேட்க வேண்டியது அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார் என்பது. கொழுந்து பறிக்கப் போகிற அம்மா விடிந்ததும் கிளம்பணும். பிள்ளை பால் இல்லாத டீயும் ஒரு வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு பஸ் பிடிக்கும். முதல்வரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வளர்ச்சி வேகமெடுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து அந்தச் சாப்பாடு இல்லை. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டால் அடுத்த நல்ல சாப்பாடு மதியச் சத்துணவுதான்: பதினாறு மணி நேர இடைவெளி. அதிலும் மூத்த பெண் என்றால் சமைத்து, தம்பி தங்கைக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைத்தான் சாப்பிடுவாள்.

கடைக்காரர் வீட்டில் அம்மாவும் இரவு ஒன்பது வரை கடையில். பரோட்டா பார்சல், வாசலுக்கே வேன், அப்புறம் டியூஷன். வயதுக்கு வந்த பெண்ணை விளையாட விடுவதும் இல்லை. காசு இருக்கிறது, நடை இல்லை.

பணியர், இருளர், குறும்பர் என்ற பழங்குடிப் பிள்ளைகள் மெலிந்திருந்தால் அரிவாள் செல் ரத்தசோகைக்கும் (பரம்பரையாக வரும் ரத்த நோய்) பரிசோதனை வேணும். அந்த நோயில் வளர்ச்சியும் பருவமடைதலும் தாமதமாகும். வீட்டில் சோறு போடவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: கோத்தகிரி டீச்சர்
சரி, அளவை மறுபடி எடுக்கிறோம் சார். கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

பதில் 3: குன்னூர் ஊட்டச்சத்து
‘சத்தாகக் கொடுங்க’ என்று மட்டும் சொல்லாதீங்க, அவர்களுக்குத் தெரியாததா? முதல் நாள் இரவே கேழ்வரகுக் களியோ கூழோ எடுத்துவைக்க முடியுமா என்று கேளுங்கள். கையில் கொடுக்கிற பத்து ரூபாய் சிப்ஸுக்குப் போகாமல் வேர்க்கடலைக்குப் போகட்டும். 100 கிராம் கடலையில் 25 கிராம் புரதம், சிப்ஸில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சத்துணவு முட்டையைச் சாப்பிடாமல் ஒதுக்குகிறவர்கள் யார் என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை (60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்) சாப்பாட்டுக்குப் பிறகுதான், வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டினால் அடுத்த வாரம் வாங்க மாட்டார்கள். மாத்திரைக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடணும், டீயிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அரிவாள் செல் நோய் உறுதியான பிள்ளைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.