மறு: ‘இன்கார்ப்போரியல்’ – அருவம் சரிப்படவில்லை

> அருவம் என்று பழைய சொல்லே இருக்க, புதிதாக எதற்கு?

ஐயா, வணக்கம்.

ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரங்களாகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை நாங்கள் தமிழில் ஆடுகிறோம், கதை சொல்வது நான். அதில் ஆவி போன்ற, தொட உடல் இல்லாதவற்றை ‘இன்கார்ப்போரியல்’ என்பார்கள். அதற்கு நானும் முதலில் அருவம் என்றுதான் எழுதினேன். போன ஞாயிறு வேளச்சேரி மொட்டை மாடியில் ஆடும்போது அதன் பலன் தெரிந்தது. ஆவி வீரன் எதிரே வந்து நிற்கிறான் என்றேன். தாளில் ‘அருவம்’ என்று பார்த்த தம்பி, கண்ணுக்குத் தெரியாத ஆள் போலிருக்கிறது என்று வாளை உறையில் போட்டுவிட்டுக் கோலமாவை அள்ளித் தூவினான்! மாவு ஆவியின் ஊடே போய்ச் சுவரில் படிந்தது என்று சொல்லிச் சமாளித்தேன். அவன்மேல் தப்பில்லை. சைவத்தில் கண்ணுக்குத் தெரியும் லிங்கத்தை அருவம் என்னாமல் அருவுருவம் என்பார்கள். அருவம் என்றாலே காட்சிக்கு எட்டாதது. நம் ஆவியோ பளிச்சென்று தெரியும், கைக்குத்தான் அகப்படாது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதியும் அப்படித்தான். 2003-இல் வந்த 3.5 பதிப்பில் சாதா வாளால் அதை ஒன்றும் செய்ய முடியாது. மந்திர வாள் பட்டாலும் பாதிக்குப் பாதி வீண். அது நம்மைத் தாக்கும்போது இரும்புக் கவசம், கேடயம் எதுவும் கணக்கில் வராது. மந்திர விசையால் ஆன கவசம் தடுக்கும். வலிமை எண்ணே அதற்குக் கிடையாது, லாவகத்தை வைத்துத்தான் அடிக்கும். 2014-இன் ஐந்தாம் பதிப்பில் ஆவி சுவருக்குள் புகலாம். ஆனால் தன் முறை முடியும்போது உள்ளேயே நின்றுவிட்டால் பத்துமுகப் பகடை ஒன்றின் அளவு சேதம் அதற்கே. (இரும்பைக் கண்டால் பேய் ஓடும் என்பது நம்மூர்க் கணக்கு. அங்கே வெறும் இரும்புக்கு மதிப்பில்லை என்றால் என் பாட்டி ஒத்துக்கொள்ள மாட்டாள்.)

‘தீண்டாவுரு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருள் பொருந்துகிறது, ஆனாலும் வேண்டாம். அந்தச் சொல் இந்த மண்ணில் பட்ட பாடு போதும். விளையாட்டுக்கு இழுக்க மனமில்லை.

‘மெய்யிலி’ எப்படி? அதைத் தொடக்கூடிய ஆயுதத்துக்குப் ‘பேய்தொடு வாள்’.

——

தம்பி,

மெய்யிலி என்றால் பொய்யன் என்றல்லவா படிப்பார்கள்? உயிரும் இல்லை, மெய்யும் இல்லை என்றால் பேசாமல் ‘ஆய்தம்’ என்றே வைத்துவிடுங்கள் :-) பேய்தொடு வாள் நன்று.

——

ஐயா,

‘ஆய்தத்தை ஆயுதம் வெட்டாது’ என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பொய்யன் சங்கதி நியாயம்தான். அப்படியானால் ‘உடலிலி’. எலும்புக்கூட்டுக்கும் உடல் இல்லையே என்று யாராவது கேட்பார்கள். எலும்பை உடைக்கலாமே, அது போதும்.

வரும் ஞாயிறு ஆட்டத்துக்கு ‘உடலிலி’ என்றே அச்சடிக்கிறேன். கோலமாவு டப்பாவைக் கீழேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.